ஈரம் பட்டால் கத்தும்

பக்கவாதத்தில் பேச்சு போன அப்பாவின் படுக்கை விரிப்பில், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை இரண்டு மெல்லிய கம்பிகளைத் தைத்து வைத்திருந்தான் சுகுமாரன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறவன். விரிப்பு நனைந்தால் கம்பிகளுக்கிடையே துளி மின்சாரம் ஓடும். அது டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் நடுவில் உள்ளதற்குப் போய்ச் சேர்ந்ததும், மற்ற இரண்டுக்கும் இடையே அடைபட்டிருந்த பெரிய மின்சாரம் திறந்துகொண்டு கூடத்து பஸ்ஸரை அலறவைக்கும்.

“சின்னது பெரிசத் திறந்து விடுது, அவ்ளோதான்” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் விளக்குவான். அவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே அது அலறியதும் உண்டு. அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்காரப் போகையில் அலறியது.

“சோறு திங்கிற நேரமாப் பாத்துதான் இவருக்கு வரும்” என்றபடி அவன் மனைவி வேணி உள்ளே போனாள். விரிப்பை இடுப்புப் பக்கம் தடவிப் பார்த்தாள்.

“என்னங்க, காஞ்சுதான் கெடக்கு. ஒங்க மிஷின் பொய் சொல்லுது.”

“அது பொய் சொல்லாது.”

சுகுமாரன் கம்பிகளை உருவித் தன் விரல்களுக்கிடையே பிடித்தான். சத்தம் வரவில்லை. வேணியின் உள்ளங்கையில் வைத்தான், அப்போதும் இல்லை. அப்பாவின் கன்னத்தில் வைத்ததும் வீடே அலறியது.

“நல்லாத்தான் வேல செய்யுது” என்றான் நிம்மதியாக. பிறகு பெட்டியைத் திறந்து, நடுக் காலுக்குப் போகும் வழியில் பெரிய ரெசிஸ்டர் ஒன்றை வைத்துப் பற்றவைத்தான்.

“இனிமே இந்தளவு ஈரத்துக்கெல்லாம் கத்தாது. நீ சோத்தப் போடு.”