மூக்கடைத்த குரல்

"கட்டுக்கதை இன்னைக்கு லைன்ல வரட்டும். அவர் வண்டவாளத்தைத் தண்டவாளத்துல ஏத்தறேனா இல்லையா பாரு!" என்றார் தொகுப்பாளர்.

வானொலி நிலையத்தில் நேயர்களின் போனை எடுத்து, விவரம் கேட்டு, ஸ்டூடியோவுக்கு இணைப்புக் கொடுப்பது அவள் வேலை. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு 'பூமி சூடாகிறதா?' விவாதம். ஆறு வாரமாக ஒரு நேயர் தவறாமல் வந்து, மூக்கடைத்த குரலில் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்.

"வெயில் எந்தக் காலத்துலதான் அடிக்கலை? கடல் ஒரு இன்ச்கூட ஏறலை. எல்லாம் கட்டுக்கதை!"

அதுவே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

அவர் பேசி முடித்ததும், திட்டுவதற்கு நாற்பது பேர், ஆமாம் சாமி போடுவதற்கு நாற்பது பேர் என்று போன் ஓயாது. அதனால்தான், "இவரை நிறுத்திடலாம் சார்" என்று அவள் சொன்னபோதெல்லாம், "ரெண்டு தரப்பும் வேணும்மா. அதுக்குப் பேர்தான் நடுநிலை" என்று தொகுப்பாளர் தட்டிக்கழித்தார்.

அவளுக்கோ வேறு வயிற்றெரிச்சல். மகள் பரீட்சையில் 'புவி வெப்பமாதல் என்பது கட்டுக்கதை' என்று எழுதி முட்டை வாங்கி வந்திருந்தாள். கேட்டால், "உன் ரேடியோவுலதானேம்மா சொன்னாங்க" என்கிறாள்.

போன் அடித்தது. அவரேதான்.

"சீக்கிரம் லைன் குடும்மா. மொட்டை மாடியில நிக்கறேன், கால் பொசுங்குது."

வெயில் ஏறவே இல்லை என்று சொல்வதற்கு நல்ல இடமாகத்தான் பார்த்து நிற்கிறார் மனுஷன்.

"ஐயா, இன்னைக்கு ஒரு நிபுணர் வந்திருக்கார். துறைமுகத்து வானிலை நிலையத்துல எழுதிவெச்ச நாற்பது வருஷப் பதிவு மொத்தமும் அவர் கையில இருக்கு. உங்களைச் சும்மா விடமாட்டார்."

சட்டென்று மூக்கடைப்பெல்லாம் நீங்கி, தெளிவான குரல் வந்தது.

"நீல மையில எழுதினதா?"

"ஆமா. உங்களுக்கு எப்படி..."

"அதுல முப்பது வருஷம் என் கையெழுத்தும்மா. அதான் என் உத்தியோகம். ஒண்ணே கால் டிகிரி ஏறியிருக்கு. நிபுணர் ஒண்ணுன்னு சொன்னா விடாதீங்க, குறைச்சுச் சொல்றார்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்போ தெரிஞ்சேதான் பொய் சொன்னீங்களா? உங்க பேச்சை நம்பி எழுதி என் பொண்ணு முட்டை வாங்கியிருக்கா!"

"டீச்சர் சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றார் அவர். "என்னை மன்னிச்சிரும்மா. கீழே என் சம்சாரம் இடுப்பு ஒடிஞ்சு படுக்கையில இருக்கா. ரேடியோதான் துணை. எங்க பையன் கடலை ஒட்டி வீடு கட்டிக் குடியிருக்கான். உங்க முதல் விவாதத்தைக் கேட்டதுலேர்ந்து, 'அவன் வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுமா'ன்னு அவளுக்குச் சாப்பாடு இறங்கலை. வராதுன்னு நான் சொன்னா நம்பமாட்டா. ரேடியோவுல சொன்னா வேதவாக்கு. அதான் துண்டை வாயில வெச்சுக்கிட்டு..."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, 'வந்துட்டாரா?' என்று தொகுப்பாளர் கையை ஆட்டிக் கேட்டார். அவள் பொத்தானைத் தட்டினால் போதும். மகள் வாங்கிய முட்டைக்குப் பழி தீர்ந்துவிடும்.

விரல் பொத்தானுக்குப் போகவில்லை.

"இன்னைக்கு வேண்டாம் ஐயா. முதல்ல நிழல்ல போய் நில்லுங்க" என்று போனை வைத்தாள். தொகுப்பாளருக்கு உதட்டைப் பிதுக்கிக் காட்டினாள்.

வைத்த கையை எடுப்பதற்குள் மறுபடி அடித்தது. ஒரு அம்மாளின் குரல், கிசுகிசுப்பாக.

"ஏம்மா, மூக்கடைச்ச குரல்ல ஒருத்தர் பேசுவாரே, இன்னைக்குக் காணோமே? அவரை நிறுத்திடாதீங்க. அது என் வீட்டுக்காரர்தான்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"நாற்பத்தஞ்சு வருஷமா கேக்கற குரல். துண்டை வெச்சா தெரியாமப் போயிடுமா? நான் நம்பிட்டேன்னு நினைச்சாதான் அந்த மனுஷன் நிம்மதியாத் தூங்கறார். நானும் நம்பின மாதிரியே இருந்துட்டுப் போறேன். அது கிடக்கட்டும், அவர் மாடியிலேர்ந்து இறங்கறதுக்குள்ள ஒரு உதவி பண்ணும்மா. அந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லி எங்க பையன்கிட்ட எப்போ சொல்லணும்னு, இப்ப ரேடியோவுல பேசற அந்த நிபுணரைக் கேட்டுச் சொல்லு. பதிலை ரேடியோவுல மட்டும் சொல்லிடாதீங்க, அவர் பயந்துடுவார்."