நான்கு கம்புகள்

அக்டோபர் 26, ஞாயிறு. இன்று ஒரு சிறு பிழை. நான்கு கம்புகள் மிஞ்சிவிட்டன. ‘கூடுதலாக வந்திருக்கும்’ என்று சொல்லிவிட்டேன். வந்தவை அறுபது. நான்தான் எண்ணி இறக்கினேன்.

எழுதியதைத் திரும்ப வாசித்தாள். ஐந்து வரி.

நாளுக்கு ஐந்து வரி, நடந்ததை மட்டும். நோர்வேஜிய மொழி மாலை வகுப்பில் ஆசிரியை சொன்னது அவ்வளவுதான். அவள் முதலில் தமிழில் எழுதிக்கொள்வாள். பிறகு நோர்வேஜிய மொழிக்கு மாற்றுவாள்.

இதை மாற்ற வேண்டுமா?

கொப்பியை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

வெளியே நிமலரூபன் விறகை மூடித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். தமிழ்க் கழகத்தின் மலைக்குடில் ஏழு வருடமாக அவர் பொறுப்பு. அவர் மனைவி வதனி மெத்தைகளைச் சுவரோடு நிமிர்த்திவிட்டு, எலி ஏறாதபடி அரிசி வாளியின் மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குழாய்களை வடித்தாயிற்று. புகைபோக்கி துடைத்தாயிற்று. பனி விழலாம்.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து குடில்வரை வழிக்கம்பு நடுவது இந்த வருடம் அவள் வேலை. தனியாகக் கிடைத்த முதல் வேலை. பனி மூடினால் பாதை கிடையாது, கம்புதான் பாதை. இருபது காலடிக்கு ஒன்று. ஒன்றில் நின்றால் அடுத்தது தெரிய வேண்டும்.

நான்கு கம்பும் கதவோரம் சாய்ந்து நின்றன. சிவப்புப் பட்டி சுற்றிய தலைகள்.

“என்ன டீச்சர், கம்புக்கு இடாப்புக் கூப்பிட்டு வரவு பதியிறீரோ?” நிமலரூபன் அவற்றை அள்ளி, குழி தோண்டிய அலவாங்கோடு உள்ளே மூலையில் போட்டார். “வாற வருசத்துக்கு ஆச்சு.”

கதவைப் பூட்டினார்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை பெண்கள் குழு வருகிறது. பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் அதுதான் முதல் பனிச்சறுக்கு. பட்டியலில் ஐந்தாவது பெயர் அவள் கணவனின் தாயான மாமியுடையது.

மாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. சறுக்குக்கட்டைகளை இதுவரை வீட்டுக் கூடத்தில் மட்டும் மாட்டிப் பார்த்திருக்கிறார்.

இறங்கும்போது அவள் பின்தங்கினாள்.

ஒவ்வொரு கம்பிலும் நின்றாள். அடுத்ததைக் கண்டபிறகு நடந்தாள்.

ஏழு. எட்டு.

கீழே வதனி திரும்பிப் பார்த்தாள். “அவ தாலி கட்டேக்கையும் முடிச்சை எண்ணியிருப்பா” என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

பதினாறு. இருபது.

இருபத்து நான்காவது, மதியம் சாப்பிட்ட பாறையடியில்.

அங்கே நின்றாள்.

அடுத்தது தெரியவில்லை.

ஒருபக்கம் சாய்ந்து பார்த்தாள். பாறைமேல் ஏறிப் பார்த்தாள். பேர்ச் மரங்கள். அவற்றுக்கிடையே பாதை இடப்பக்கம் வளைந்தது. இப்போது தெரிந்தது, புல்லும் மண்ணும் காட்டிக்கொடுத்தன. நேரே போனால் ஓடை. கரை செங்குத்து.

எண்ணிக்கொண்டே இறங்கினாள். நூறாவது அடியில் அடுத்த கம்பு இருந்தது.

மதியம் அங்கே நின்றபோதுதான் வதனி பாறையிலிருந்து கூப்பிட்டாள், ரோல்ஸ் ஆறுகிறதென்று. அலவாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். தின்றாள். தேத்தண்ணி குடித்தாள். சாப்பிட்ட இடத்திலிருந்து மறுபடி கம்பு நடத் தொடங்கினாள்.

நிறுத்திய இடத்திலிருந்து அல்ல.

யாரோ பிடுங்கியிருக்கக்கூடாதா என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள். மண்ணில் துளை ஒன்றுமில்லை.

வண்டி உறுமிக்கொண்டு நின்றது. வதனிக்கு ஆறு மணிக்கு முதியோர் இல்லத்தில் வேலை.

“அண்ணை, குடில் திறப்பைத் தாங்கோ.”

“என்னத்தை விட்டிட்டு வந்தனீர்?”

“நாலு கம்பு. கூடுதலா வந்ததெண்டு சொன்னது பொய். நான் நடாமல் விட்டிட்டன்.”

அவர் வானத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இப்ப ஏறி இறங்க இருட்டீடும். ஏறும், போவம். நாங்கள் ஒருநாளும் எண்ணினதில்லை, தெரியுமோ? ஏழு வருசம். ஒருத்தரும் துலையேல்லையே.”

“ஏழு வருசமும் மாமி வரேல்லை, அண்ணை.”

வதனி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

நிமலரூபன் சட்டைப்பையில் துழாவித் திறப்பை அவள் கையில் வைத்தார். “செவ்வாய்க்கிழமை நிலம் உறைஞ்சு இறுகீடும். பிறகு அலவாங்கும் இறங்காது” என்றார், வண்டியை எடுத்தபிறகு.

வளைவுகள். திறப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே வந்தாள். நாளை வேலையிடத்தில் என்ன சொல்வது? நான்குதானா? இன்னொரு இடத்திலும் விட்டிருந்தால்?

கைபேசி அடித்தது. மாமி.

“பிள்ளை, கம்பெல்லாம் நட்டாச்சோ? எங்கட வகுப்புப் பொம்பிளையள் கேக்கினம். என்ர மருமகள் நட்ட கம்பு, கண்ணை மூடிக்கொண்டு போகலாம் எண்டு சொல்லிப்போட்டன்.”

முன்னிருக்கையில் இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

ஓம் என்றால் முடிந்தது. நாளை நட்டுவிட்டால் அது பொய்யும் அல்ல.

“இல்லை மாமி” என்றாள். “நடுவில நூறு அடி கம்பில்லை. என்ர பிழை. பனியில அதால வந்திருந்தா நீங்கள் ஓடைக்குள்ள போயிருப்பியள்.”

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

“நாங்கள் எப்ப போய் நடுவம்?” என்று மட்டும் மாமி கேட்டார். அவள் நேரத்தைச் சொன்னாள்.

வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கொப்பியை முழங்காலில் விரித்தாள். வண்டி குலுங்கியதில் எழுத்து கோணியது.

நாளை, திங்கள். 6.40 பேருந்து. இரண்டு பேர். கீழிருந்து முப்பத்திரண்டாம் கம்பிலிருந்து தொடங்க வேண்டும்.