கரண்ட் வயர்ல வந்த திருடன்

“நெட் பெட்டில இருக்கற பட்டனை எதுக்குங்க அழுத்துனீங்க?”

“வீட்டு கரண்ட் வயர் வழியா ரூமுக்கு ரூம் போற நம்ம நெட்டை எவனோ திருடுறான். பட்டனை அழுத்தி நெட்டோட ரகசியப் பூட்டை மாத்திட்டேன். அதுக்குப் போய் ஏன் அழுற?”

“திருடன் இல்லைங்க, மாடில இருக்கற நம்ம பொண்ணு. நான்தான் நம்மளுது மாதிரியே ப்ளக்ல சொருகுற பெட்டி ஒண்ணு அவளுக்கும் வாங்கிக் குடுத்தேன். பாதி இன்டர்வியூல அவளுக்கு நெட் போயிடுச்சு.”

காதல் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு நான் பொண்ணுகிட்ட பேசி ரெண்டு வருஷமாச்சு.

இன்டர்வியூக்காரங்க நாலு மணிக்கு மறுபடி கூப்பிடுவாங்களாம். கீழ எங்க பெட்டில ஒரு பட்டன், ரெண்டு நிமிஷத்துக்குள்ள மேல அவ பெட்டில ஒரு பட்டன் அழுத்தினாதான் நெட் சேரும்.

“கீழ நான் அழுத்துறேன். மேல நீங்க போங்க”ன்னுட்டா மனைவி.

இப்ப மணி மூணே முக்கால். மாடிப்படில உக்காந்து எழுதறேன். பொண்ணு கதவைத் திறந்ததும் அவகிட்ட முதல்ல என்ன சொல்லட்டும்? யாராவது சீக்கிரம் பதில் போடுங்க.