பின்பக்கம் இல்லாத காசு

"பேசாம காசு சுண்டிப் பாத்துடலாமா சார்?" என்று ஓவியர் வின்ஃபீல்ட் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

கரீபியக் கடலில் எங்கள் தீவு விடுதலை அடைந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆட்சி கவிழப் பார்த்தது. காரணம், சொந்தமாக அடிக்கப்போகும் முதல் காசு. அதன் முன்பக்கத்தில் கரும்பா, பறக்கும் மீனா?

பிரதமர் கிட்டன்ஸுக்கு ஓட்டுப் போட்டது கரும்பு விளையும் வடகரை. கூட்டணித் தலைவி யூடோராவுக்கு மீன் பிடிக்கும் தென்கரை. பின்பக்கம் போக இருவருமே தயாரில்லை. யூடோரா கோபித்துக்கொண்டு வெளியேறினால் பிரதமர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வின்ஃபீல்ட் பையிலிருந்து இங்கிலாந்து ராணி தலை போட்ட பழைய காசை எடுத்ததுமே கிட்டன்ஸ் துள்ளி எழுந்தார்.

"உள்ள வைய்யா அத! ராணி தலைய வச்சா நம்ம சண்டையத் தீக்கறது? இதுக்கா சுதந்திரம் வாங்கினோம்?"

"இது ஒண்ணுதான் அவர் உருப்படியாச் சொன்னது," என்றார் யூடோரா. "இனிமே அந்தம்மா தலையப் பாத்து நாம எதையும் முடிவு பண்ணக் கூடாது. ஆனா என் மீனு பின்னாடி போகாது, ஆமா!"

"கரும்பு இல்லாட்டி உங்க ஆளுங்களுக்கு ரம் ஏதும்மா?"

"மீனு இல்லாட்டி உங்க ஆளுங்க ரம்முக்குத் தொட்டுக்கக் கரும்பையா கடிப்பாங்க?"

வறுத்த சீமைப்பலா தட்டில் ஆறிக் கிடந்தது. தலைவர்கள் தொடாததை ஓவியர் எப்படித் தொடுவது? பசி தாங்காமல்தான் வின்ஃபீல்டுக்கு அந்த யோசனையே வந்தது.

"ரெண்டு பக்கமும் ஒரே படம் போட்டுடறேன் சார். கரும்பும் மீனும் சேந்தே இருக்கட்டும். பின்பக்கம்னு ஒண்ணு இருந்தாத்தானே சண்டை?"

அங்கேயே அவர் வரைந்து நீட்டிய படத்தை இருவரும் வாங்கி அப்படியும் இப்படியும் பார்த்தார்கள்.

"பின்பக்கமே இல்லாத காசு!" கிட்டன்ஸுக்குக் குரல் தழுதழுத்தது. "வெள்ளைக்காரனுக்கு இது தோணுச்சா?"

யூடோரா அவரைக் கட்டிக்கொண்டார். ஆட்சி பிழைத்தது. வின்ஃபீல்ட் சாப்பிட்டார்.

முதல் சுதந்திர தினத்தன்று வடகரைக்கும் தென்கரைக்கும் கிரிக்கெட் போட்டி. புதுக் காசும் அந்த மைதானத்தில்தான் வெளியீடு. தீவே திரண்டுவிட்டது. முன்வரிசையில் புதுத் தொப்பியோடு வின்ஃபீல்ட்.

அடிமைக் காசு ஒழிந்தது என்று பிரதமர் ஒலிபெருக்கியில் முழங்கினார். கைதட்டல் அடங்கியதும் இரண்டு அணித் தலைவர்களுக்கும் நடுவே நின்று, புத்தம்புதுக் காசைத் தன் கையாலேயே சுண்டிவிட்டார்.

நடுவர் குனிந்து பார்த்தார். எடுத்துத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"என்னய்யா முழிக்கிற? யாரு ஜெயிச்சது?"

"ரெண்டு பேருமே சார்."

கிட்டன்ஸ் யூடோராவைப் பார்த்தார். யூடோரா வானத்தைப் பார்த்தார். பிரதமர் மெல்ல முன்வரிசைப் பக்கம் நகர்ந்து, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார்:

"வின்ஃபீல்ட், அந்தம்மா இன்னும் உன் பையிலதானே இருக்காங்க?"