பெரியவன் வந்துட்டானா?

கவரைத் தூக்கிவிட்டு பானெட்டில் கை வைத்த கார் புரோக்கர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன சார், சுடுது? இப்பதான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தீங்களா?"

"விளையாடாதீங்க" என்றான் சின்னவன். "எங்க அண்ணன் செத்துப் போனதுலேர்ந்து இந்த வண்டி ஷெட்டை விட்டு நகரலை. இருக்கிற ஒரே சாவியும் என் பாக்கெட்டுல."

"ரெண்டாவது சாவி?"

"அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு அவர் சட்டைப் பையில இருந்தது. அப்புறம் யார் கண்ணுலயும் படலை."

சொல்லிவிட்டு அவனும் தொட்டுப் பார்த்தான். சுடத்தான் சுட்டது.

"சாயங்கால வெயில் சூடா இருக்கும்" என்று சமாளித்தான். ஷெட்டுக்குள் ஏது வெயில் என்று புரோக்கரும் கேட்கவில்லை, பாவம்.

வீட்டுக்கு இருப்பது ஒரே ஷெட். பழசு வெளியே போனால்தான் புதுசு உள்ளே வர முடியும். சும்மா சொல்லக் கூடாது, புதுசு ஜம்மென்று இருந்தது. பெரியவனுடையது போலவே ரெண்டே கதவு, தாழ்ந்த கூரை, நீண்ட மூக்கு. மாதச் சம்பளக்காரனும் ஆசைப்படலாம் என்கிற விலையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்! விடுவானா சின்னவன்?

புரோக்கர் அதையும் ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"வேகத்துல பழசு இதுகிட்ட நிக்கவே முடியாது சார். பிரேக், ஏசி எல்லாத்துலயும் புதுசுதான் ராஜா. பழசுல ஸ்டீயரிங்கைத் திருப்பினா தோள்பட்டை கழண்டுடும்."

"அப்படிச் சொல்லுங்க!"

"ஆனா ஒண்ணு. புதுசு உறுமுது பாருங்க, அது பாதி ஸ்பீக்கர்லேர்ந்து வர்ற சத்தம். பழசு சொந்தத் தொண்டையில கத்தும். கண்ணை மூடிக்கிட்டு இருந்தாலும், வர்றது யாருன்னு வீட்ல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

பேசிக்கொண்டே பழசின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கால் பெடலுக்கு எட்டவில்லை.

"உங்க அண்ணன் நல்ல உயரமோ?"

சின்னவன் சீட்டையே பார்த்தான். நேற்றுதான் தன் கையாலேயே அந்த சீட்டை முன்னால் இழுத்து விட்டிருந்தான்.

"நாளைக்கு சாயங்காலம் ஆளோட வந்து எடுத்துக்கறேன் சார்" என்று இறங்கிய புரோக்கர், காபி வேண்டுமா என்று கேட்பதற்குள் தெருவில் இருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது.

"நாளைக்கேவா தம்பி? அத்தைக்காகவாவது அது இருந்துட்டுப் போகட்டுமே."

"அம்மாவுக்கா? பெரியவன் கிளம்பிட்டானா, பெரியவன் வந்துட்டானான்னு இன்னும் கேட்டுக்கிட்டிருக்காங்க. பிள்ளை போனதே மனசுல நிக்கலை. கார் போறதா தெரியப் போகுது?"

அண்ணி விறுக்கென்று உள்ளே போய்விட்டாள். என்ன பிடிவாதமோ என்று அலுத்துக்கொண்டான்.

வழக்கமாக அவன் ஆபீஸிலிருந்து வருவதற்குள் அம்மா சாப்பிட்டுப் படுத்துவிடுவாள். மறுநாள் புரோக்கருக்காக ஆபீஸை விட்டுச் சீக்கிரமே கிளம்பினான். பழசு வெளியே வர வழி வேண்டுமே என்று புதுசைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து வந்தான்.

கேட்டைத் தொட்டபோது ஷெட்டுக்குள் எஞ்சின் இருமியது. பிறகு கத்தியது. அதைத் தொடர்ந்து ஹாரன், ஒரு நீளம், ரெண்டு குட்டை. அண்ணன் வீடு திரும்பும்போது அடிக்கிற அதே ஹாரன்.

சின்னவனுக்கு முதுகு சில்லிட்டது. பாதி திறந்திருந்த ஷெட் கதவு வழியாக எட்டிப் பார்த்தான். ஹெட்லைட் எரிந்தது. வண்டி மொத்தமும் அதிர்ந்துகொண்டிருந்தது. அண்ணன் உயரத்துக்குப் பின்னால் தள்ளியிருந்த டிரைவர் சீட்டில் யாரும் இல்லை.

பக்கத்து சீட்டில் அண்ணி.

"புதுசும் நல்லாத்தாங்க இருக்கு" என்று காலி சீட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "வழுக்கிக்கிட்டுப் போகுது. உங்க வண்டி மாதிரி தொண்டை கிழியக் கத்திப் பேச வேண்டியதில்லை."

கொஞ்ச நேரம் எதையோ காது கொடுத்துக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"போங்க நீங்க. சரி, கேளுங்க. இன்னிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போக ஆள் வர்றாங்க."

டிரைவர் பக்கமாகக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் அடங்கியது. காணாமல் போன சாவி.

வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பெரியவன் வந்துட்டானா?"

"வந்துட்டார் அத்தை!" என்றாள் அண்ணி, இருந்த இடத்திலிருந்தே.

சின்னவனுக்குப் பயம் போய், பற்றிக்கொண்டு வந்தது. சேச்சே! மூளை மங்கிப்போன அம்மாவைத் தினமும் இப்படியா ஏமாற்றுவது?

விறுவிறுவென்று உள்ளே போனான்.

"அம்மா, அண்ணன் இல்லைம்மா! வரவே மாட்டாரு! அண்ணி உங்களை..."

"மெதுவாப் பேசுடா."

அம்மா அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். கண்ணில் ஒரு மங்கலும் இல்லை.

"பெத்தவளுக்குத் தெரியாதாடா, பிள்ளை போயிட்டான்னு?"

அவன் பாக்கெட்டில் போன் அடித்தது. புரோக்கராகத்தான் இருக்கும். எடுக்கக் கை வரவில்லை.

"அப்புறம் ஏம்மா தினமும் கேட்கறீங்க?"

அம்மா ஷெட் பக்கம் பார்த்தாள்.

"நான் கேட்கலைன்னா, என்ன சாக்கு சொல்லிடா அவ புருஷன் பக்கத்துல போய் உட்காருவா?"