ருசி பார்க்க வந்தவர்

மகள் குழாயைத் திருகினாள். கடுந்தேநீர் நிறத்தில் பீர் இறங்கி, மேலே பழுப்பு நுரை கட்டியது.

"இது புதுசுப்பா. முதல்ல உங்க வாய்லதான் படணும்னு வச்சிருந்தேன்."

அவர் கோப்பையை வாங்கவில்லை. லிப்ட் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற மனிதர். பேத்தி பிறந்த அன்று மருத்துவமனை வாசலில் குடியை விட்டவர். அதற்குப் பிறகு ஒரு சொட்டு தொட்டதில்லை.

மகளும் மருமகனும் பழைய கார் ஷெட் ஒன்றை வாடகைக்கு எடுத்து இந்தச் சின்ன பீர் ஆலையைத் தொடங்கியபோது சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பூனை இருக்கிற வீட்டில் பால் வியாபாரமா என்று கேட்டார்கள். மகளுக்கும் அந்தப் பயம் இருந்திருக்க வேண்டும். அப்பாவை உள்ளே விட்டதே இல்லை.

இன்றுதான் கூப்பிட்டாள். அப்பா திருந்திவிட்டார் என்று அவள் வாயால் கேட்க வேண்டும், அவருக்கு இந்த வயதில் வேறு ஆசை இல்லை. கூப்பிட்டதே பாதி கேட்டது மாதிரி இருந்தது.

இதில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். மருமகன் சிரித்து மழுப்பினார். இங்கே அப்படி ஒரு வழக்கம். குடித்தவர் ருசியைச் சொல்லி முடிக்கும்வரை உள்ளே இருப்பதைப் பற்றி யாரும் மூச்சு விடமாட்டார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் நாக்கு அதையே திருப்பிச் சொல்லுமாம்.

அவர் பக்கத்தில் நின்ற தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுக்கிற மனைவி. அவளே குடியுங்கள் என்று தலையாட்டினாள்.

கரும்பு தின்னக் கூலியா? வாங்கிக்கொண்டார்.

முளைகட்டிய பார்லியைக் கறுக்க வறுத்த வாசம். ரொட்டியின் தீய்ந்த ஓரம், அடிப்பிடித்த சர்க்கரைப் பாகு, கடைசியில் நாக்கின் அடியில் ஒரு மெல்லிய கசப்பு. இப்படி ஒன்றை அவர் வாழ்நாளில் குடித்ததில்லை. அத்தனையையும் வாய்விட்டுச் சொன்னார். பிரமாதம் என்றாள் மகள். வேலைக்கு நிற்கிற இரண்டு பேர் கையைத் தட்டினார்கள். இன்னொரு கோப்பை வந்தது. அதுவும் போய் இன்னொன்று வந்தது.

காதோரம் சூடாயிற்று. முழங்கால் இளகியது. பழைய சிநேகிதன் தோளில் கை போட்டதுபோல் வயிற்றுக்குள் ஒரு கதகதப்பு. லிப்டுக்குள் மாட்டிக்கொண்ட கல்யாண மாப்பிள்ளையின் கதையைச் சொன்னார். ஷெட்டே சிரித்தது. குரல் ஏறியது, ஏறியது அவருக்குத் தெரியவும் செய்தது.

மனைவியும் ஒரு வாய் குடித்தாள். கொஞ்சம் கருகல் தெரிகிறது, ஆனால் நன்றாக இருக்கிறது என்றாள்.

"கருகலப் பத்தி நீ பேசு! இத்தனை வருஷமா நீ எனக்குப் போட்டதே கருகினதுதானடி!"

இதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போதவில்லை அவருக்கு. அவளுடைய அம்மாவை இழுத்தார். அவளுடைய படிப்பை இழுத்தார். இந்த மூஞ்சியைத் தினமும் பார்த்தால் எவன்தான் குடிக்கமாட்டான் என்று எல்லார் முன்னாலும் கேட்டார். போதும் என்று அவள் நீட்டிய கையைத் தட்டிவிட்டதில் அவளுடைய கோப்பை பறந்துபோய்த் தரையில் உடைந்தது.

சிரிப்பு எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. மகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலும் இப்படித்தான் பார்ப்பாள்.

அவர் பயப்படவில்லை. இந்த மாதிரி இடத்தில் சொல்வதற்கென்று அவரிடம் ஒரு வாசகம் உண்டு. மகளின் பள்ளிக்கூட விழாவில் நாற்காலியைத் தூக்கி எறிந்துவிட்டுச் சொன்னது. மனைவியின் உதடு கிழிந்த மறுநாள் காலையில் சொன்னது. அவர் எழுந்திருக்காத காலைகளில் அவருக்குப் பதிலாக மனைவியே பிள்ளைக்குச் சொல்லிச் சமாதானப்படுத்தியதும் அதேதான்.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நாக்கைக் கொஞ்சம் குழறவிட்டுச் சொன்னார்.

"நான் பேசலம்மா... உள்ள போனது பேசுது."

மனைவி குனிந்து சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"உள்ள ஒண்ணும் போகலைங்க."

அவருக்குப் புரியவில்லை. மகள்தான் சுவரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் விளக்கினாள். இந்தப் பீரில் போதைச் சத்து துளிகூடக் கிடையாது. அப்பாவும் எல்லாரோடும் உட்கார்ந்து ஒரு கோப்பை குடிக்கட்டும் என்று, பல மாதம் காய்ச்சிக் காய்ச்சிக் கொட்டிப் பார்த்து அவருக்காகவே செய்தது. அம்மாவுக்கு முதலிலேயே தெரியும். ருசி சொன்ன பிறகு அப்பாவிடம் சொல்லலாம் என்றிருந்தார்கள்.

காதோரச் சூடு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கதகதப்பும் இல்லை. தலை கழுவிவிட்டதுபோல் தெளிவாக இருந்தது. பேசியது ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்தது, எந்தச் சொல்லுக்கு மனைவியின் முகம் சுருங்கியது என்பதுவரை. உடம்பெல்லாம் கூசியது. பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

மனைவி சில்லுகளைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக யாரை மன்னித்துக்கொண்டிருந்தோம் என்று அடையாளம் பார்க்கிற பார்வையாக இருந்தது.

முன்பெல்லாம் இந்த நேரத்துக்கு யாராவது ஒருவர் அவரைத் தாங்கிப் பிடித்து, செருப்பைக் கழற்றி, படுக்க வைத்துவிடுவார்கள்.

இன்று யாரும் வரவில்லை. அவர் ஆடாமல் நேராக நின்றுகொண்டிருந்தார்.