கம்பி நார்

“திஸ் இஸ் டூ மச்,” என்றாள் மனைவி, அவன் போட்ட கூச்சல் கேட்டு வாசற்படிக்கு வந்து.

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதுக் காரின் கதவில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். பூனை பிறாண்டினதுபோல் கோடு கோடாகக் கீறல்.

பக்கத்தில் அப்பா, வாளியும் கையுமாக. மறு கையில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். காலமெல்லாம் லாரி ஓட்டிய கை அது.

“சேறு காஞ்சு கிடந்துச்சுப்பா. லாரியை இதாலதான் தேய்ப்போம்...”

“இது லாரியாப்பா? போட்டதைத் தின்னுட்டு ஒரு மூலையில கிடக்க முடியலையா உங்களால?”

“யூ ஆர் பீயிங் க்ரூயல்.” மனைவியின் குரல் ஏறவில்லை.

அப்பா மருமகளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். “என்னம்மா பேசிக்கிறீங்க, எனக்கு ஒரு எழவும் விளங்கலையே,” என்று சிரித்துவிட்டு, வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றப் போனார்.

உள்ளே வந்ததும் வராததுமாக அவன் மனைவியைப் பிடித்துக்கொண்டான்.

“அதென்ன, என்னைக் குத்தம் சொல்லணும்னா மட்டும் இங்கிலீஷ் பொத்துக்கிட்டு வருது? போன வாரம் ஹார்ஷ், இன்னிக்கு டூ மச், க்ரூயல். வாரத்துக்கு ஒரு பட்டம். காய்காரர்கிட்ட சண்டை போடறப்ப தமிழ்தானே வருது?”

அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

“அவருக்குப் புரியாதுங்கிற தைரியம். இனிமே திட்டறதுன்னா தமிழ்லயே திட்டு, அவர் எதிர்லயே திட்டு. தன்னால வீட்டுல சண்டைன்னு அவருக்கும் தெரியட்டும்.”

“அது முடியாதுங்க.”

“ஏனாம்?”

“மொதல்ல தமிழ்லதான் சொன்னேன். மாமா டிவியைத் தள்ளி உடைச்ச அன்னிக்கு, ‘பெத்தவர்கிட்ட பேசற பேச்சா இது’ன்னு அவர் எதிர்லயே கேட்டேன். ஞாபகம் இருக்கா?”

இருந்தது. அன்று முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியாமல், சாப்பிடாமல்கூட வேலைக்குக் கிளம்பிப் போனதும் ஞாபகம் இருந்தது.

“நீங்க போன கையோட மாமா என்கிட்ட வந்தார்.”

“எதுக்கு? என்னைப் பத்திக் குறை சொல்லவா?”

அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். அப்பா தோள் துண்டை எடுத்து, கீறல் விழுந்த இடத்தைக் குழந்தைக்குக் கன்னம் துடைக்கிற மாதிரி ஒற்றிக்கொண்டிருந்தார்.

“‘அவன் மேல தப்பே இருந்தாலும், என் எதிர்ல அவன் தலை குனியக் கூடாதும்மா. கண்டிக்கணும்னா எனக்குப் புரியாத பாஷையில கண்டிச்சுக்கோ’ன்னார்.”